கள் அடு மகளிரும் ஆலை மிதிப்போரும்

முன்னுரை

திராட்சரசம் என்னும் சொல் தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு நன்கு பழகியது. கானாவூர்க் கலியாணத்திலும், மேலறை விருந்திலும், நம் ஆலயங்களின் திருவிருந்து மேசையிலும் அச்சொல்லையே கேட்கிறோம். ஆனால் அந்த ரசத்தை உண்டாக்குகிறவரை எவ்வாறு பெயரிட்டு அழைப்பது என்று வினவினால் நாம் தயங்குகிறோம். ஆங்கிலத்தில் 'விண்ட்னர்' என்று ஒரு சொல் உண்டு. அதற்கு நேரான தமிழ்ச் சொல் யாது என்று இறையியல் மாணவர் கேட்கும்போது, 'திராட்சத்தோட்டக்காரர்' என்று விடை கூறுகிறோம். அது தோட்டத்தைப் பேணுகிறவரைக் குறிக்குமேயன்றி, பழத்தைப் பிழிந்து ரசமாக்குகிறவரைக் குறிக்காது. 'சாராயம் காய்ச்சுகிறவன்' என்பதோ நாவில் எழுந்தவுடனே அடக்கிக்கொள்ள வேண்டிய சொல்லாயிருக்கிறது.

இத்தயக்கம் தமிழின் வறுமையால் எழுந்ததன்று. மதுவை ஆக்குவோரைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் இருந்தன. அவற்றுட் பழமையானவை சில, செங்கழுநீர்ப்பட்டுப் பகுதியையும் மாமல்லபுரத்துக் கடற்கரையையும் சார்ந்த பாடல்களிலேயே காணப்படுகின்றன. அச்சொற்கள் எவ்வாறு தோன்றின, பின்னர் எவ்வாறு பொருள் திரிந்தன, தமிழ்த் திருமறை அவற்றை ஏன் தன்னுள் ஏற்காமல் வேறு சொற்களைத் தெரிந்துகொண்டது, அத்தெரிவினால் நாம் பெற்றதும் இழந்ததும் யாவை என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். ஒரு தொழிலின் பெயரை நாம் எவ்வாறு உச்சரிக்கிறோம் என்பது, அத்தொழில் செய்யும் மனிதரை நாம் எவ்வாறு காண்கிறோம் என்பதோடு தொடர்புடையதாதலின், இவ்வாய்வு சொல்லளவில் நின்றுவிடுவதன்று.

1. தொண்டை நாட்டுக் கரையில்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றியது. கச்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனே அதன் பாட்டுடைத் தலைவன். பரிசில் பெறச் செல்லும் பாணன் கடந்து போகும் ஊர்களையெல்லாம் புலவர் வரிசையாகக் காட்டுகிறார். அவ்வரிசையில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் வருகிறது. குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் கொணரும் மரக்கலங்கள் அங்கு நிற்கின்றன. வானளாவிய கலங்கரை விளக்கமும் அங்கு உண்டு. இந்நீர்ப்பெயற்றினை மாமல்லபுரம் என்பாரும், பாலாற்றின் முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரம் என்பாரும் உளர். இரண்டில் எதுவாயினும் அது நாம் ஆராயும் கரையே.

அப்பட்டினத்தின் வருணனையில் புலவர் 'கள் அடு மகளிர்' என்னும் தொடரை ஆளுகிறார். அப்பெண்கள் கலங்களைக் கழுவி ஊற்றிய நீர் வழிந்தோடிச் சேறாகி நிற்பதையும், அச்சேற்றிற் பன்றிகள் புரள்வதையும் அவர் காட்டுகிறார். இது வசையாகக் கூறப்பட்டதன்று. ஒரு துறைமுகத்தின் செழிப்பைக் கூறுமிடத்தில், அங்கு நடைபெறும் தொழில்களுள் ஒன்றாக இதுவும் கூறப்படுகிறது. வருகின்ற பாணனுக்கு அவ்வூரார் படைக்கும் விருந்தில் அக்கள்ளும் இடம்பெறுகிறது.

'அடு' என்னும் வினை ஈண்டு நோக்கத்தக்கது. அடுதல் என்றால் சமைத்தல், காய்ச்சுதல். அடுப்பு, அடுக்களை என்னும் சொற்களில் அவ்வினை இன்றும் வாழ்கிறது. அதே பாடலில் மற்றோரிடத்தில் கரும்பாலைகள் வருணிக்கப்படுகின்றன. அங்கே புகை சூழ்ந்த ஆலைகளில் கருப்பஞ்சாற்றைப் பாகாகக் காய்ச்சுவதற்கும் புலவர் இதே 'அடு' என்னும் வினையையே வழங்குகிறார். ஆகவே வெல்லம் காய்ச்சுவோரும், சோறு சமைப்போரும், கள் ஆக்குவோரும் அப்புலவருடைய மொழியில் ஒரே வினையால் குறிக்கப்பெற்றனர். பொருள் வேறு, வேலை ஒன்று.

அப்பாடல் நீர்நிலைகளை அடுத்து வாழும் வலைஞர் குடியிருப்பில் அரிசிக்கள் ஆக்கும் முறையையும் விளக்குகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற வாயுடைய தட்டில் இட்டு ஆற்றுகிறார்கள். நெல்முளையை இடித்து அதனோடு கலக்கிறார்கள். வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் அது முதிர்ந்து விளைகிறது. பின்னர் விரல்களால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். முளைத்த தானியத்தின் துணையால் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுவதும், பின் அது புளிப்பேறி மதுவாவதும் இன்றைய அறிவியல் விளக்கும் முறை. பெயர் அறியப்படாத அக்குடும்பத்தார் அதனைத் தம் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

இதற்குத் தெற்கே அதே கரையில் எயிற்பட்டினம் இருந்தது. சிறுபாணாற்றுப்படையில் வரும் அவ்வூரை மரக்காணம் என்பர் அறிஞர். அங்கே நுளையர் குலப் பெண்ணொருத்தி அரித்தெடுத்த முதிர்ந்த தேறல், வரும் பாணர்க்கு விருந்தாகிறது. அரித்தல் என்பது வடிகட்டுதல். அதிலிருந்து 'அரியல்' என்னும் கள்ளின் பெயர் பிறந்தது. பிழிதலிலிருந்து 'பிழி' என்னும் பெயர் பிறந்தது. தேறுதல், அதாவது தெளிதல், என்பதிலிருந்து 'தேறல்' பிறந்தது. பரிசுத்த ஆவியானவரைத் 'தேற்றரவாளன்' என்று நம் திருமறை அழைக்கும்போது வரும் சொல்லும் 'தேறு' என்னும் இவ்வடியைச் சார்ந்ததே. கலங்கியது தெளிதல் என்னும் கருத்து இரண்டுக்கும் பொதுவாயுள்ளது.

எனவே பழந்தமிழில் மதுவின் பெயர்கள் பலவும் அதை ஆக்கும் செயலின் பெயர்களே. ஆக்குவோர் செயலாலேயே சுட்டப்பெற்றனர். அச்செயலைச் செய்தவர் பெரும்பாலும் பெண்கள் என்பதும் இக்கரையின் பாடல்களால் தெரிகிறது.

இக்கரைக்கு அயல்நாட்டு மதுவும் வந்தது. யவனர் தம் கலங்களிற் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைப் புறநானூற்றின் 56-ஆம் பாடல் குறிப்பிடுகிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் 1970-இல் வசவசமுத்திரத்தில் நடத்திய அகழாய்வில், அடி கூம்பிய சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. அவை மதுவும் எண்ணெயும் கொண்டுசெல்லும் கடல்வணிகச் சாடிகளாகக் கருதப்பட்டன. தென்னிந்தியக் கரையில் கிடைத்த இத்தகைய சாடிகளுட் சில, மத்தியதரைக் கடலினின்று வந்தவையல்ல, பாரசீக வளைகுடாப் பக்கத்தினின்று வந்தவை என்று அண்மைக்கால ஆய்வாளர் கூறுகின்றனர். எங்கிருந்து வந்திருப்பினும், திராட்சைக் கொடி விளையாத இக்கரையில் திராட்சமது வாணிபப் பொருளாக மட்டுமே அறியப்பட்டது. அதை ஆக்கியவரை இக்கரையார் கண்டதில்லை. ஆதலின் அவருக்குப் பெயரிட வேண்டிய தேவையும் எழவில்லை.

2. செயற்பெயர் விலைப்பெயராதலும் வரிப்பெயராதலும்

பிற்காலத்தில் இச்சொற்கள் வேறு திசையிற் சென்றன. சிலப்பதிகாரத்தில் புகார் நகர வீதிகளைக் கூறுமிடத்தில் 'கள் நொடையாட்டியர்' தோன்றுகின்றனர். நொடை என்றால் விலை. அடுதல் மறைந்து விற்றல் முன்னிற்கிறது. பிங்கலம் முதலிய நிகண்டுகளும் அவற்றின் வழிவந்த அகராதிகளும் துவசர், படுவர், பழையர், பிழியர் முதலிய பெயர்களைக் கள் விற்போர்க்கு உரியனவாகத் தருகின்றன. 'பிழியர்' என்பது வெளிப்படையாகவே பிழிகிறவரைக் குறிக்கத்தக்க சொல். ஆயினும் அதற்கும் விற்பவர் என்றே பொருள் எழுதப்பட்டது.

இத்திரிபு தமிழுக்கு மட்டும் உரியதன்று. 'விண்ட்னர்' என்னும் ஆங்கிலச் சொல் திராட்சத்தோட்டம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. ஆயினும் நெடுங்காலம் அது மதுவணிகரையே குறித்தது. ஆக்குகிறவர் என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்ததாகும். பொருளைக் கையில் வாங்குகிறவனுக்கு விற்பவன் தெரிகிறான்; அதை ஆக்கியவன் தெரிவதில்லை. மொழியும் அவ்வாறே பதிவு செய்கிறது.

பல்லவர் காலத்தில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. அவர்களுடைய செப்பேடுகளில் கூறப்படும் வரிகளுள் 'ஈழப்பூட்சி' ஒன்று. ஈழம் என்னும் சொல்லுக்குக் கள் என்னும் பொருளும் உண்டு. மரமேறிக் கள் இறக்குவோர் செலுத்திய வரி அது. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேட்டில், தானமாக வழங்கப்பட்ட ஊரிலுள்ள தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்னும் விதி காணப்படுகிறது. செயலைக் குறித்த வினை இங்கே ஒரு கூட்டத்தாரின் பெயராயிற்று; அப்பெயர் வரியேட்டிலும் விலக்கு விதியிலும் இடம்பெற்றது. ஆக்கியவர் இப்போது செலுத்துகிறவராகவோ தடுக்கப்படுகிறவராகவோ மட்டுமே ஏட்டில் நிற்கிறார்.

காஞ்சியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசம் என்னும் வடமொழி நகை நாடகத்தில், காபாலிகன் ஒருவன் கள்ளுக்கடையை வேள்விச்சாலைக்கு ஒப்பிட்டுப் புகழ்கிறான். குடிப்பவனும் கடையும் அங்கு விரிவாகப் பேசப்படுகின்றன. திருக்குறளின் 93-ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையின் பத்துக் குறள்களும் குடிப்பவனையே நோக்கியவை. கள்ளை ஆக்குகிறவரைப் பற்றி வள்ளுவர் அவ்வதிகாரத்தில் ஒரு சொல்லும் கூறவில்லை. குற்றத்தை உண்பவனிடத்தில் வைத்து, ஆக்குவோர் மீது பழி சுமத்தாமல் விட்ட அவ்வமைதி நாம் எண்ணிப்பார்க்கத்தக்கது.

3. எபிரேயமும் கிரேக்கமும்

இனித் திருமறையின் மூலமொழிகளை நோக்குவோம். எபிரேயப் பழைய ஏற்பாட்டில் மதுவை ஆக்கும் தொழிலோடு தொடர்புடைய இரு சொற்கள் முதன்மையானவை. ஒன்று 'கோரேம்'. இது 'கெரெம்', அதாவது திராட்சத்தோட்டம், என்பதோடு உறவுடையது. தோட்டத்தில் உழைப்பவரைக் குறிக்கும். மற்றொன்று 'தோரேக்'. இது மிதித்தல் என்னும் வினையினின்று வந்தது. பழங்களைத் தொட்டியிலிட்டுக் காலால் மிதித்துச் சாறு எடுப்பவரைக் குறிக்கும்.

இவர்கள் யாவர்? 'கோரேம்' வரும் இடங்கள் இதற்கு விடை தருகின்றன. எருசலேம் வீழ்ந்தபின், பாபிலோனியத் தளபதி நெபுசராதான் நாட்டின் செல்வரையும் கைவினைஞரையும் சிறைப்பிடித்துச் சென்றான். ஏழைகளிலும் ஏழைகளாயிருந்தோரைத் திராட்சத்தோட்டங்களிலும் வயல்களிலும் வேலை செய்யும்படி விட்டுச்சென்றான் (2 இராஜா. 25:12; எரே. 52:16). ஏசாயா 61:5, மீட்கப்பட்ட இஸ்ரவேலுக்கு அந்நியர் இவ்வேலையைச் செய்வர் என்கிறது. உன்னதப்பாட்டின் தொடக்கத்தில், வெயிலில் கறுத்த பெண்ணொருத்தி, தன் சகோதரர்கள் தன்னைத் தோட்டக்காவலுக்கு வைத்ததாகக் கூறி வருந்துகிறாள் (உன். 1:6). யோவேல் 1:11 தோட்டக்காரரைப் புலம்பச் சொல்கிறது. ஆக இத்தொழிலின் பெயர் ஏழையையும், அந்நியனையும், வெயிலில் வாடும் பெண்ணையும் நினைவூட்டும் சூழல்களிலேயே மிகுதியாக வருகிறது.

இப்பின்னணியில் வைத்துக் கண்டாலன்றி ஏசாயா 63-ஆம் அதிகாரத்தின் வியப்பு நமக்கு விளங்காது. ஏதோமிலிருந்து வருகிறவரின் ஆடை சிவந்திருக்கிறது. அது ஆலை மிதிக்கும் கூலியாளின் ஆடையைப் போலிருப்பதேன் என்று தீர்க்கர் வினவுகிறார். தாமே தனியாக மிதித்ததாக ஆண்டவர் விடை பகர்கிறார். அது நியாயத்தீர்ப்பின் கடுமையான உருவகம். அதை மென்மையாக்கிப் பொருள் கூறுதல் தகாது. ஆயினும் தம்மைக் காட்டுவதற்கு ஆண்டவர் தெரிந்துகொண்ட உருவம், சாறு தெறித்துக் கறைபட்ட தொழிலாளியின் உருவமாகும். சபைப்பிதாக்கள் இப்பகுதியைக் கிறிஸ்துவின் பாடுகளோடு இணைத்து வாசித்ததும் இதனாலேயே.

கிரேக்கத்தில் 'அம்பெலூர்கோஸ்' என்பது திராட்சைக்கொடி, வேலை என்னும் இரு சொற்களின் கூட்டு. புதிய ஏற்பாட்டில் அது லூக்கா 13:7-இல் மட்டுமே வருகிறது. கனி கொடாத அத்திமரத்தை இன்னும் ஓராண்டு விட்டுவைக்கும்படி எசமானிடம் மன்றாடுகிறவன் அத்தொழிலாளியே. யோவான் 15:1-இல் பிதாவைக் குறிக்கும் சொல் 'கெயோர்கோஸ்'; நிலத்தில் உழைக்கும் உழவன் என்பது அதன் பொருள். எரேமியா 52:16-இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், பின்தங்கிய அந்த ஏழைகளைக் குறிக்க இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. நாட்டில் எஞ்சிய கடையர்க்கு வழங்கிய பெயரை இயேசு தம் பிதாவுக்கு வழங்கினார் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

கானாவூர் நிகழ்ச்சியில் மற்றொரு குறிப்பு உண்டு. பந்திவிசாரிப்புக்காரன் ரசத்தைச் சுவைத்தும் அது எங்கிருந்து வந்ததென அறியவில்லை. தண்ணீர் மொண்ட வேலைக்காரர் அறிந்திருந்தனர் (யோவான் 2:9). அவ்வேலைக்காரரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'தியாகொனோஸ்'. பின்னாளில் திருச்சபையின் உதவி ஊழியருக்கு, அதாவது தீக்கோனுக்கு, அதுவே பெயராயிற்று. உண்டாக்கப்பட்டதன் மூலத்தை அறிந்தவர்கள் அதற்காக உழைத்தவர்களே என்று நற்செய்தியாளர் காட்டுகிறார்.

4. தமிழ்த் திருமறையின் தெரிவு

தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த 1715-ஆம் ஆண்டு முதல், பெப்ரீஷியஸ், இரேனியஸ், பெர்சிவல் ஆகியோரின் பணிகளூடாக, பவர் ஐயர் தலைமையில் 1871-இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் வரை, மொழிபெயர்ப்பாளர் அனைவர்க்கும் ஓர் இக்கட்டு இருந்தது. தமிழ்நாட்டில் மது என்றால் மக்கள் அறிந்தது பனங்கள்ளும், தென்னங்கள்ளும், சாராயமுமே. அவற்றை ஆக்குவோரின் பெயர்கள் குலப்பெயர்களாக இறுகிப்போயிருந்தன. அச்சொற்களுள் ஒன்றைத் தெரிந்துகொண்டால், பிதாவாகிய தேவனை ஒரு குலப்பெயரால் அழைத்ததாகும்.

பத்துப்பாட்டு அந்நாளில் அச்சில் இல்லை, உ. வே. சாமிநாதையர் அதனை 1889-இல்தான் பதிப்பித்தார். எனவே 'அடுவோர்', 'அரிப்போர்' என்னும் பழைய செயற்பெயர்கள் மொழிபெயர்ப்பாளரின் கைக்கெட்டும் நிலையில் இருந்தில. அவர்கள் இரு சொற்களைத் தெரிந்துகொண்டனர். 'கோரேம்', 'கெயோர்கோஸ்' ஆகிய இரண்டுக்கும் 'தோட்டக்காரர்' என்பதை அமைத்தனர். இதனால் 2 இராஜாக்கள் 25:12-இல் எஞ்சிய ஏழைகளுக்கும் யோவான் 15:1-இல் பிதாவுக்கும் 'திராட்சத்தோட்டக்காரர்' என்னும் ஒரே பெயர் அமைந்தது. எண்ணிச் செய்தாலும் எண்ணாது செய்தாலும் இது நல்லதோர் அமைப்பே. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் யோவான் 15:1-இல் 'நட்டு வளர்ப்பவர்' என்று வினையால் பெயரிடுகிறது. இது பழைய செயற்பெயர் முறைக்கு அண்மையில் நிற்கிறது. ஆனால் முன்சொன்ன இரு வசனங்களுக்கிடையே இருந்த சொல்லுறவு இதனால் மறைகிறது.

'தோரேக்' என்பதற்கு 'ஆலையை மிதிக்கிறவன்' என்று அமைத்தனர். தமிழ் உழவர் அறிந்த ஆலை கரும்பாலை. கரும்பை ஆலையிலிட்டு நெரிப்பாரேயன்றி, ஆலையை எவரும் மிதிப்பதில்லை. ஆகவே இத்தொடர் தமிழ்ச் செவிக்குச் சற்று விந்தையாகவே ஒலிக்கும். எனினும் இனிய சாறும் வெல்லமும் தரும் இடத்தின் பெயரை எடுத்து, பழிச்சொல் படியாத ஒரு தொழிற்பெயரை ஆக்கிய அவர்களுடைய நுண்ணறிவைப் பாராட்ட வேண்டும்.

ரசம் என்னும் சொல்லின் தெரிவு இதனினும் விளைவு மிகுந்தது. ரசம் என்பது சாறு. அது புளித்ததா புளிக்காததா என்று அச்சொல் உரைப்பதில்லை. கிரேக்கத்தில் 'ஒய்னோஸ்' என்னும் ஒரே சொல் வருமிடங்களில், ஐக்கியத் திருப்புதல் இடத்திற்கேற்ப இரு வகையாக மொழிபெயர்க்கிறது. கானாவூரில் அது திராட்சரசம். தீமோத்தேயுவுக்குக் கூறப்பட்ட மருத்துவ ஆலோசனையிலும் (1 தீமோ. 5:23) திராட்சரசமே. ஆனால் எபேசியர் 5:18-இல் அது மதுபானம். இயேசுவின் மீது பகைவர் சாட்டிய பழியிலும் (மத். 11:19), 'ஒய்னோஸ்' என்னும் சொல்லை உள்ளடக்கிய கூட்டுச்சொல்லே உண்டு, அங்கே 'மதுபானப்பிரியன்' என்று தமிழாக்கப்பட்டது. கொடையாக வருமிடத்தில் ரசம், கேடாக வருமிடத்தில் மது என்று மொழிபெயர்ப்பு தீர்ப்பளித்துவிட்டது. இது சபைக்குப் பாதுகாப்பாயிருந்தது. ஆனால் ஒரே பொருள் கொடையாகவும் கேடாகவும் அமையக்கூடும், வேறுபாடு மனிதர் அதைப் பயன்படுத்தும் முறையிலுள்ளது என்னும் திருமறையின் கூரிய போதனை தமிழ் வாசகருக்கு மங்கிப்போயிற்று.

திருவிருந்தில் புளிக்காத சாற்றை வழங்கும் வழக்கம் மதுவிலக்கு இயக்கத்தோடு வளர்ந்தது. அமெரிக்காவில் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த பல் மருத்துவர் தாமஸ் வெல்ச் என்பார் 1869-இல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிப்பேறாமற் காக்கும் முறையைக் கையாண்டார். நம் நாட்டுச் சபைகள் பலவற்றில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்து, காய்ச்சி, பிழிந்து, வடிகட்டி ரசம் ஆயத்தம் செய்கிறார்கள். அடுதல், பிழிதல், அரித்தல் ஆகிய பழைய மூன்று செயல்களும் இதில் அடங்கியிருப்பதைக் காண்க. அதைச் செய்பவர் பெரும்பாலும் ஆயரின் இல்லத்தாரோ ஆலயப் பணியாளரோ ஆவர். அவர்களுக்கும் நாம் ஒரு பெயர் வைத்ததில்லை.

5. பெயர் சுமந்தவர்களின் துயரம்

இக்கரையில் பனை மிகுதி. மரமேறுகிறவர் காலையும் மாலையும் ஏறி, பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாவிடில் அது தானே புளித்துக் கள்ளாகிறது. மரமும் கலயமும் ஏறுகிறவரும் வேறல்லர். சிறிது சுண்ணாம்பினால் உணவும் போதையும் பிரிகின்றன. ஆயினும் சமுதாயம் அவரைக் கள்ளோடு மட்டுமே சேர்த்துப் பெயரிட்டது.

செங்கழுநீர்ப்பட்டு, சென்னைப் பகுதிகளில் இத்தொழிலைச் சார்ந்தோர் 'கிராமணி' என்னும் பெயரைத் தமக்குரியதாகக் கொண்டனர்; ஊர்த்தலைவர் என்பது அச்சொல்லின் பொருள். தென்மாவட்டங்களில் பனைத்தொழில் செய்தோரின் பழைய குலப்பெயர் அவமதிப்பாக வழங்கப்பட்டமையால், அவர்கள் நெடுங்காலம் போராடினர். 1921-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 'நாடார்' என்னும் பெயர் ஏற்கப்பட்டது. அச்சமுதாயத்தைப் பற்றிக் கால்டுவெல் ஐயர் 1849-இல் வெளியிட்ட சிறுநூல், அம்மக்களிடையே மனவேதனையையும் எதிர்ப்பையும் உண்டாக்கியது. அவர்களுக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த ஓர் அருட்பணியாளரின் எழுதுகோலினின்றே அது வந்தது. ஆட்களை நேசித்தும் அவர்களை விவரிக்கும் சொல்லில் தவறலாம் என்பதற்கு இது நம் திருச்சபை வரலாற்றிலுள்ள எச்சரிக்கையாகும்.

1937-இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவிற்று. கள்ளிறக்கும் தொழிலைச் சார்ந்த சமுதாயத்திற் பிறந்த ம. பொ. சிவஞானம் அவர்களே மதுவிலக்குக்காக உழைத்தவர்களுள் ஒருவர். தொழிலிழந்தோர்க்கு உதவப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. பின்னர் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1981-இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1987 முதல் கள்ளுக்குத் தடை நிலவுகிறது. 2003-இல் மதுபானச் சில்லறை விற்பனை அரசு நிறுவனமாகிய டாஸ்மாக்கின் கைக்கு முழுமையாக வந்தது. இதன் விளைவாக மரமேறி இறக்குகிறவர் குற்றவாளியாகவும், ஆலையில் ஆக்கப்பட்டது சட்டத்துக்குட்பட்டதாகவும் நிற்கின்றன.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்துப் பெருங்கரணைப் பகுதியிலும் நச்சுச் சாராயம் அருந்தி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாணருக்கு நுளைமகள் தேறல் அளித்ததாகப் புலவர் பாடிய அதே கரை அது. 'கள்ளச்சாராயம் காய்ச்சினார்கள்' என்று மக்கள் பேசினர். உண்மையில் அங்கு அடுதலும் இல்லை, பிழிதலும் இல்லை. தொழிற்சாலைகளுக்கு உரிய மெத்தனால் என்னும் நஞ்சே விற்கப்பட்டது. கைத்தொழிலின் பெயரை நஞ்சு வணிகத்திற்கு வழங்கும்போது, கொன்றவன் ஒரு பழைய தொழிலின் பெயருக்குப் பின்னே ஒளிந்துகொள்கிறான். அத்தொழிலிற் பிறந்தவரோ தாம் செய்யாததன் பழியைச் சுமக்கிறார்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் திருப்பணியாளராகிய நாம் மூன்று செய்திகளைக் கருத்திற் கொள்ளலாம்.

முதலாவது, மதுவின் கேட்டைக் கண்டித்துப் பிரசங்கிக்கும்போது சொற்களைப் பிரித்தாள வேண்டும். ஆபகூக் 2:15 தன் அயலானுக்குக் குடிக்கக் கொடுத்து அவனை வெறிகொள்ளச் செய்கிறவனைக் கண்டிக்கிறது. அக்கண்டனம் ஒரு செயலுக்கு உரியது. அதை ஒரு குலத்தின் மீதோ ஒரு மரத்தின் மீதோ சாற்றுதல் திருமறையின் வழியன்று. பெயரோடு பிறந்தவரையும் நஞ்சை விற்றவரையும் ஒரே சொல்லால் அழைப்பது அநீதியாகும்.

இரண்டாவது, யோவான் 15-ஆம் அதிகாரத்தைப் போதிக்கும்போது, 'திராட்சத்தோட்டக்காரர்' என்பதை நிலவுடைமையாளர் என்னும் பொருளில் விளக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அது எசமானின் பெயரன்று; கத்தியோடு கொடியினருகே குனிந்து நிற்கிறவரின் பெயர். மத்தேயு 21:33-இல் தோட்டத்தின் எசமானும் அதைக் குத்தகைக்கு எடுத்த தோட்டக்காரரும் தெளிவாக வேறுபடுத்தப்படுகின்றனர். பிதாவுக்கு இயேசு இட்ட பெயர் இவ்விரண்டில் உழைப்போரின் பெயரே. அதே பெயர் சுமந்த குத்தகைக்காரர் அவ்வுவமையிற் கொலைஞராயினர் என்பதையும் மறத்தலாகாது. உழைப்பின் பெயர் எவரையும் தானாகப் புனிதராக்குவதுமில்லை, இழிந்தோராக்குவதுமில்லை.

மூன்றாவது, திருவிருந்து ஆராதனையில் ரசத்திற்காக நன்றி செலுத்துகையில், அதை ஆக்கிய கைகளையும் நினைவுகூர்தல் தகும். நம் மன்றாட்டுகளில் உழவரும் மீனவரும் நெசவாளரும் இடம்பெறுகின்றனர். மரமேறுகிறவரும், கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கொடி கவாத்து செய்கிறவரும், சனிக்கிழமை மாலையில் ஆலயத்தின் பின்கட்டில் திராட்சையைக் காய்ச்சிப் பிழிகிறவரும் அம்மன்றாட்டில் இடம்பெறலாம். அவர்களைக் குறிக்கப் புதுச்சொல் படைக்க வேண்டியதில்லை. அடுகிறவர், பிழிகிறவர், வடிக்கிறவர் என்று செயலாலேயே சுட்டலாம். தொண்டை நாட்டுக் கரையின் பழம்புலவர் அவ்வாறே சுட்டினர். ஏசாயாவின் தீர்க்கதரிசனத்தில் ஆண்டவரும் 'நான் மிதித்தேன்' என்னும் பொருள்பட, செயலாலேயே தம்மை வெளிப்படுத்தினார்.